ஆவணி முடியும் வரை

ஜூலை 15, செவ்வாய்

விடுதியில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. நேற்றே பிடித்து வைத்த ஒரு வாளியில் குளியலையும் இரண்டு துப்பட்டாக்களைத் துவைப்பதையும் முடித்துக்கொண்டு அலுவலகம் போனேன். பையைக் கூட வைக்கவில்லை, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து முரளிதரன் சார் அழைத்தார்.

மதுரைக் கிளையை மூடுகிறார்கள். ஆயுத பூஜையோடு சரி.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் உமையாள். ஆவணி முடியுற வரைக்கும் டீம் கலையக் கூடாது. ஒருத்தர் எந்திரிச்சா வரிசையா எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க. நீங்க நெறையப் படிக்கிற பொண்ணு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

வரன் தேடும் குடும்பங்களோடு தொலைபேசியில் பேசி, ஜாதகங்களை அனுப்பி, சந்தா முடிந்தால் புதுப்பிக்க வைக்கும் வேலை எங்களுடையது. நான் ஒன்பது பேருக்கு டீம் லீடராகி நான்கு மாதம்தான் ஆகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களை நம்பி மக்கள் ஆடியிலேயே சந்தாவைப் புதுப்பிக்கத் தொடங்குவார்கள். ஆவணி முடிவதற்குள் வருவதுதான் வருஷ வருமானத்தில் பாதி.

தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிடுவதை நேர்மை என்கிறார்கள். பல நேரம் அது தன் பாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான். ஒரு குழுவை நடத்துகிறவள் அந்தப் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும்.

சென்னையில் எனக்கு ஓர் இடம் இருக்கும் என்றும் சொன்னார். அதைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு வேலை பார்த்தோம்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார், மூன்று வருடமாகப் பணம் கட்டியும் ஒரு வரன் அமையவில்லை, விலகுகிறேன் என்று சத்தம் போட்டார். இணைப்பை ஜெயக்கொடிக்குக் கொடுத்தேன். எட்டு வருடமாக இங்கே இருப்பவர், கோபக்காரர்களை அவரிடம் தள்ளுவது வழக்கம்.

"அண்ணே, நீங்க கோவப்படுறது நாயம்தான். என் மகளுக்குன்னா நானும் இப்படித்தான் கத்துவேன். ஆனா ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன், சொல்லிடவா? பையன் கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனி. அவங்கப்பாவுக்கு நேத்துத்தான் கண்ணு ஆப்பரேசன். கட்டுப் பிரிச்சதும் மொதப் போன் உங்களுக்குத்தான். அதுக்குள்ள விலகிட்டா நான் எந்த மொகத்தோட அவய்ங்ககிட்டப் பேசுவேன்?"

தகப்பனார் புதுப்பித்துவிட்டார். இதற்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் ஊறப்போடுவது. இல்லை என்று சொல்லக் கூடாது, எப்போது என்றும் சொல்லக் கூடாது.

"கொடியக்கா ஊறப்போட்டா ஊறுகா மூணு வருசம் கெடாது மேடம்" என்றாள் பெனாசிர். குழுவிலேயே சின்னவள், வாய் மூடாதவள்.

"கண் ஆப்பரேஷன் நிஜமா?" என்று கேட்டேன்.

"நெசந்தான் மேடம். பையனும் நெசம். அந்தப் பொண்ணு ஜாதகத்துக்குப் பொருந்தாது, அம்புட்டுத்தான். முழுசாப் பொய் சொன்னா நாக்கு தடுக்கும். நடுவுல ஒண்ணு நெசமா இருக்கணும். அதைப் பிடிச்சுக்கிட்டே மிச்சத்தைத் தாண்டிரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 22, செவ்வாய்

கட்டட உரிமையாளரின் ஆள் வந்து அறைகளை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். நான் அப்போது வங்கியில் இருந்தேன். திரும்பி வந்ததும் குழுவில் இருக்கும் அழகர், எதற்கு அளந்தார்கள் என்று கேட்டார். பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றேன்.

மாலையில் தலைமை அலுவலகத்திடம் பத்துப் புது ஹெட்செட் கேட்டேன். "மூடப்போற எடத்துக்கு எதுக்கும்மா?" என்று கேட்ட முரளிதரன் சார், ஒரு நிமிடம் கழித்து அவராகவே சிரித்தார். "கெட்டிக்காரி."

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பேருந்தில் விடுதிக்குத் திரும்பும் வரை அது கூடவே வந்தது.

ஜூலை 28, திங்கள்

திங்கட்கிழமை காலைகளில் போன வாரத்து அழைப்புப் பதிவுகளில் நல்லது ஒன்று, மோசமானது ஒன்று எடுத்து எல்லோரும் சேர்ந்து கேட்போம். குழுவினர் இதை 'ரேடியோ' என்பார்கள். மோசமான அழைப்புக்குச் சொந்தக்காரர் அன்று எல்லோருக்கும் உளுந்தவடை வாங்க வேண்டும். நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். சிரிப்பும் கிண்டலுமாகப் போகும்.

இன்று அழகருடையதைப் போட்டேன். சோழவந்தான் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் அவர் பேசியது.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இப்பக் கட்ட வேணாம். ஒரு மாசம் பொறுத்துப் பாத்துக் கட்டுங்க. எங்க ஆபீசே இருக்குமான்னு தெரியல."

முதல் தடவை சிரித்தார்கள். "அழகரண்ணே, இன்னைக்கு வடையோட சட்னியும் சேத்து" என்றாள் பெனாசிர். இரண்டாம் தடவை போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை 'ஆபீசே இருக்குமான்னு' என்ற இடத்தில் நிறுத்தி, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒவ்வொருவரும் அவரைப் பார்க்காமல் பதில் சொன்னார்கள். பெனாசிரின் முறை வந்தபோது "என்னை விட்டுருங்க மேடம்" என்றாள். காத்திருந்தேன். கடைசியில் சொன்னாள்.

அழகர் எழுந்து நின்றார். "நான் சொன்னது பொய்யா மேடம்? அதை மட்டும் சொல்லிருங்க."

"நம்ம பயத்தை வாடிக்கையாளர் தலையில இறக்கி வைக்கக் கூடாது அழகர்."

"பொய்யா, இல்லையா?"

"பெயின்ட் அடிக்க அளந்தாங்கன்னு அன்னைக்கே சொன்னேன். உங்க நம்பர் ரெண்டு மாசமா கடைசியில இருக்கு. அதைப் பேசலாமா?"

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். மாலை விலகல் கடிதம் வந்தது, ஏற்றுக்கொண்டேன்.

வடை யாரும் வாங்கவில்லை.

கடுமையாக நடந்துகொண்டேனா? படகில் ஒருவன் ஓட்டை என்று கத்தினால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். படகு ஓட்டையால் அல்ல, அந்த ஓட்டத்தால் கவிழும். இதை எங்கோ படித்தேனா, நானே யோசித்தேனா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சாப்பாட்டு வேளையில் ஜெயக்கொடி என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"பெனாசிர் காதுல விழாமப் பேசணும் மேடம். பைபாஸ் ரோட்ல புதுசா ஆஸ்பத்திரி தொறந்திருக்காய்ங்கல்ல, அங்க வரவேற்புல ஆள் கேட்டாய்ங்க. எங்க நாத்தனா மக அங்க நர்சு. போயிப் பேசினேன். எடுத்துக்கிட்டாங்க. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள வந்து சேரணுமாம்."

வாழ்த்துகள் என்றேன்.

"வாழ்த்து இருக்கட்டும். எட்டு வருசம் இங்கதான் கெடந்தேன். இந்த நாக்காலி என் முதுகுக்குப் பழகிருச்சு. அங்க நாள் பூரா நிக்கணும், சம்பளமும் பெரிசா ஒசத்தி இல்ல. ஆனா அழகர் சொன்னானே, அது நெசமா இருந்தா நான் போயித்தான் ஆகணும். மகளுக்கு இந்த வருசம் பன்னெண்டாப்பு. அவங்கப்பா கேரளாவுல எந்தக் கடையில நிக்கிறாருன்னு அவருக்கே தெரியாது. வீட்ல என் வேலை ஒண்ணுதான் நிலை. அதுல ஒரு மாசம் ஓட்டை விழுந்தாலும் என்னால அடைக்க முடியாது. நீங்க சொல்லுங்க மேடம். ஆபீஸ் இருக்கும்னா இருக்கேன். இருக்காதுன்னா போயிடுறேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், எம் மக மேல சத்தியம்."

அவர் கையில் பாதி சாப்பிட்ட லெமன் சாத டப்பா இருந்தது. எனக்கும் ஒரு வாய் வேண்டுமா என்பதுபோல நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"விசாரிச்சுச் சொல்றேன்க்கா."

அலுவலகத்தில் நான் யாரையும் அக்கா என்று அழைப்பதில்லை. அந்த நேரத்தில் எப்படியோ வாயில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முரளிதரன் சாரிடம் பேசினேன். ஜெயக்கொடிக்கு மட்டும் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்க நினைத்துத்தான் அழைத்தேன்.

"ஆவணி டார்கெட்ல அவங்க மட்டும் எவ்வளவு?"

"மூணுல ஒரு பங்கு சார்."

"சென்னை வேலைக்கு உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன். இந்த ஆவணியைக் காட்டித்தான் நான் மேல பேசணும். பாத்துக்கோங்க."

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நூலகப் புத்தகத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. நாளை திருப்ப வேண்டும். பாதிதான் படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெயக்கொடி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் நிமிரும்போதெல்லாம் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹெட்செட்டுகள் வந்துவிட்டன. பெட்டியை நான் திறக்கவில்லை. கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "ஜெயக்கொடி, நீங்களே பிரிச்சு எல்லாருக்கும் குடுங்க" என்றேன்.

"ஆத்தீ! மெத்து மெத்துன்னு இருக்கே, காதுல பூனைக்குட்டி படுத்த மாதிரி" என்று பெனாசிர் மாட்டிக்கொண்டு ஆடினாள். "அழகரண்ணனுக்குக் குடுத்து வைக்கல."

பிறகு மாடிப்படியில் ஜெயக்கொடியிடம் பேசினேன்.

"சென்னையில கேட்டேன்க்கா. ஒண்ணும் சொல்லல. ஆனா நீங்களே யோசிங்க. மூடுற எடத்துக்கு யாராவது புதுசா சாமான் வாங்கி அனுப்புவாங்களா?"

அவர் கையில் இருந்த ஹெட்செட்டின் பஞ்சை அமுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அனுப்பமாட்டாய்ங்கதான்."

"உங்களை நம்பித்தான் நான் இந்த ஆவணியில எறங்கியிருக்கேன். நான் வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. நீங்க இல்லைன்னா எனக்குக் கை கால் ஓடாது. ஆனா உங்களுக்கு எது நல்லதோ அதைச் செய்ங்க. நான் தடுக்கமாட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு வருசத்துல ஒரு லீடரும் என்னைப் பாத்து இப்படிச் சொன்னதில்ல மேடம்" என்றார்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஹெட்செட் வந்தது உண்மை. அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலை நடக்காது என்பதும் உண்மை. ஒரு கேள்வி கேட்டேன், பதிலை அவரே சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி பிறந்ததிலிருந்து நிமிர நேரமில்லை. தாலிக்கொடி வாங்கப் போகும் அவசரத்தில்தான் அழைக்கிறவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள்.

ஜெயக்கொடி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கை இலையோடு தனியாக எடுத்து வைத்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிட்டேன் மேடம். இப்பத்தான் நெஞ்சு லேசா இருக்கு. நீங்க சொன்னீங்கன்னுதான்."

நான் சொல்லவில்லை. கேட்டேன். அதை அவருக்கு நினைவுபடுத்துவது நாகரிகமாக இருக்காது.

பால்கோவாவைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இனிப்பு ஒத்துக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அலுவலக எண்ணுக்கு ஒரு பெண்மணி அழைத்தார். அந்த ஆஸ்பத்திரியின் அலுவலக மேலாளர், டெய்சி ராணி என்று பெயர். ஜெயக்கொடியின் கைபேசிக்கு அடித்தாராம், எடுக்கவில்லையாம். எடுக்க முடியாது, வேலை நேரத்தில் எல்லோருடைய கைபேசியும் வாசலில் மரப்பெட்டிக்குள் இருக்கும்.

"அவங்க டீம் லீடரா நீங்க? உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையாச் சொன்னாங்க. அவங்க பேச்சு எங்க டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. வீட்ல ஏதும் கஷ்டமோ என்னமோ, வரலைன்னுட்டாங்க. செப்டம்பர் பத்து வரைக்கும் அந்த எடத்தை வச்சிருப்போம். மனசு மாறினா வரச் சொல்லுங்க. உங்க வார்த்தைன்னா கேப்பாங்கன்னு தோணுது."

நிச்சயமாகச் சொல்கிறேன் என்றேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வேலையின் நடுவில் கூப்பிட வேண்டாம் என்று விட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை. முடிவெடுத்து நிம்மதியாக இருப்பவரை மறுபடி குழப்புவது ஒருவகைக் கொடுமை.

செப்டம்பர் 4, வியாழன்

புது நாவல் ஒன்று எடுத்தேன். முதல் அத்தியாயத்தையே மூன்று முறை படித்தேன். மொழிபெயர்ப்பு சரியில்லை.

செப்டம்பர் 10, புதன்

மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது.

செப்டம்பர் 17, புதன்

ஆவணி நேற்றோடு முடிந்தது. மாநிலத்திலேயே மதுரைக் கிளைதான் முதலிடம். முரளிதரன் சார் தொலைபேசி ஒலிபெருக்கியில் வந்து எல்லோரையும் பாராட்டினார். "மதுரைக்காரங்க மதுரைக்காரங்கதான்!" பெனாசிர் விசிலடித்தாள். ஜெயக்கொடியின் பெயரைத் தனியாகச் சொன்னபோது அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஒலிபெருக்கியை அணைத்ததும் முரளிதரன் சார் என் தனி எண்ணுக்கு அழைத்தார். "முப்பதாம் தேதி பூஜை நல்லபடியா நடக்கட்டும். பொரி கடலையெல்லாம் குடுத்து முடிச்சதும் சொல்லிடுங்க. பூஜைக்கு முன்னாடி சொன்னா நல்லா இருக்காது, சென்டிமென்ட்."

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தார்கள், தரையைக் கழுவிவிட்டார்கள். பெனாசிர்தான் மாக்கோலத்துக்கு நடுவில் பூ வைத்தாள். ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம், குங்குமம். ஜெயக்கொடி பத்து ஹெட்செட்டையும் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். "அடுத்த வருசமும் இதே மாதிரி பேச வையி தாயே" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார்.

பொரி கொடுத்து முடித்ததும் சொன்னேன்.

முதலில் யாரும் நம்பவில்லை. "வெளையாடாதீங்க மேடம்" என்றாள் பெனாசிர். பிறகு நம்பினாள். "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில ஏழு மணிக்குத்தான் போன் வந்துச்சு."

"பொய்யி! அழகரண்ணன் அன்னைக்கே சொன்னாரு. அவரை எங்க வாயாலயே அசிங்கப்படுத்தி அனுப்புனீங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே..."

"ஏய், வாயை மூடு!" ஜெயக்கொடிதான். எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். "அதும் சம்பளத்துக்கு வந்த புள்ளதான். நம்மள மாதிரி அதுக்கும் இன்னைக்கு வேலை போச்சு. அதைப் போயி... மொகத்தைப் பாரு, ரத்தமே இல்ல."

என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அவருடைய விரலில் இருந்த குங்குமம் என் கன்னத்தில் ஒட்டியதை விடுதிக்கு வந்து கண்ணாடியில்தான் பார்த்தேன்.

பெட்டி கட்டும்போது கேட்டார், "அந்த ஆஸ்பத்திரி எடம் இந்நேரம் போயிருக்கும்ல மேடம்?"

"போயிருக்கும்க்கா" என்றேன்.

ஹெட்செட்டுகளைத் துடைத்து, எண்ணி, சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

முரளிதரன் சார் நான்கு நாளாக எடுக்கவில்லை. இன்று எடுத்தார். சென்னையில் நியமனங்கள் எல்லாம் தை மாதத்துக்குப் பிறகுதானாம். என் பெயர் முதலில் இருக்கிறதாம். அவருடைய மகனுக்குக் காய்ச்சலாம், பிறகு பேசுகிறேன் என்றார்.

அவருக்கு மகன் இருப்பது உண்மைதான். காய்ச்சலும் இருக்கலாம்.

இந்த மாத விடுதி வாடகை கட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் காரைக்குடிக்குத் திரும்பினால் அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். அப்பா கேட்பார்.

அக்டோபர் 6, திங்கள்

டெய்சி ராணியை அழைத்தேன். ஜெயக்கொடிக்குப் பதிலாக எடுத்த பெண் சரிவரவில்லையாம், நின்றுவிட்டாளாம். அதே இடம் காலியாக இருக்கிறது.

"நீங்களே வர்றதா இருந்தா சந்தோஷம்தான். டீமையே நடத்தினவங்க. ஆமா, அன்னைக்கு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். வீட்ல ஒத்துக்கலையாம்."

ஜெயக்கொடிக்குத் தகவல் சொல்லலாமா என்று யோசித்தேன். நாள் பூரா நிற்க வேண்டிய வேலை. அவருடைய கால்களுக்கு ஒத்துவராது, அவரே சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 13, திங்கள்

சேர்ந்துவிட்டேன். நீலக் கரை வைத்த வெள்ளைப் புடவை. கணுக்கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. பட்டாசுக் காயங்களோடு வந்த பிள்ளைகளால் வரவேற்பில் கூட்டம். மூன்றாவது மாடியில் காப்பீட்டுப் பிரிவுக்கு அவசரமாக ஆள் தேவை, தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று டெய்சி மேடம் எல்லோரிடமும் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

எனக்கு மதுரையில் அதிகம் பேரைத் தெரியாது.

அக்டோபர் 23, வியாழன்

பதினொரு மணிவாக்கில் வரிசையில் நான்காவதாக ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தார். முதலில் நோயாளியோடு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இளைத்திருந்தார். முறை வரும் வரை காத்திருந்து என் முன்னால் வந்தார்.

"மேடம்! நீங்க இங்கயா?"

"இப்பத்தான் ரெண்டு நாளாச்சுக்கா. தற்காலிகம்தான்."

"நல்லது, நல்ல எடம். புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கு." சுற்றிலும் பார்த்துவிட்டு மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க வேற ஏதாவது வேலை இருக்கா மேடம்? எதுன்னாலும் பரவாயில்ல. மகளை டியூசன்லருந்து நிறுத்திட்டேன். ஜவுளிக்கடையில தீவாளி வரைக்கும்தான் வச்சிருந்தாய்ங்க."

அவர் இங்கே வந்தால் டெய்சி மேடம் முதல் நாளே பழைய பேச்சை எடுப்பார். இரண்டு பேருக்கும் சங்கடம்.

"இன்சூரன்ஸ் செக்‌ஷன்ல ஒண்ணு இருந்துச்சுக்கா. போன வாரமே ஆள் போட்டுட்டாங்க. அடுத்து ஏதாவது வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்."

ஜெயக்கொடி தலையாட்டினார். கைப்பையைத் திறந்து நீல நாடா கோத்த அட்டையை எடுத்து நிதானமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.

"போன வாரம் இல்ல மேடம். இன்னைக்குக் காலையிலதான். மூணாவது மாடி. சும்மா கேட்டுப் பாத்தேன்."

எனக்குப் பின்னால் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"நாத்தனா மக சொல்லி வந்தேன். டெய்சி மேடம் என்னைப் பாத்ததும் கேட்டாங்க. 'செப்டம்பர் பத்து வரைக்கும் எடம் வச்சிருந்தமே, உங்க வீட்ல ஒத்துக்கலைன்னு உங்க லீடர் சொன்னாங்களே'ன்னு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. அப்புறம் எல்லாம் வரிசையாப் புரிஞ்சிருச்சு."

"அக்கா..."

"பதறாதீங்க. 'ஆமா மேடம், அப்ப வீட்ல ஒத்துக்கலை'ன்னுதான் டெய்சி மேடத்துக்கிட்டச் சொன்னேன். உங்களை விட்டுக்குடுப்பேனா?" பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தார். "போனை எடுங்க. ரொம்ப நேரமா அடிக்கிது."

அக்டோபர் 24, வெள்ளி

மதியம் கேன்டீனில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. ஜெயக்கொடிக்கு எதிரே. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவர் கையைக் காட்டிவிட்டார்.

"இங்க வாங்க மேடம்." மருந்தகப் பெண்கள் மூன்று பேர் உடன் இருந்தார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் அவர் அக்காவாகியிருந்தார். "இவங்கதான் எங்க பழைய ஆபீஸ்ல எங்களுக்கெல்லாம் லீடர். எவ்வளவு படிப்பாங்க தெரியுமா! ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். நானே நம்பியிருக்கேன்."

அவர்கள் மரியாதையோடு நகர்ந்து இடம் விட்டார்கள். அதில் ஒருத்தி, இன்னும் பயிற்சியில் இருப்பவள், சற்றுத் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், பார்மசியை வெளியாளுக்குக் குத்தகைக்கு விடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. எனக்கு வேற எடத்துல கூப்பிடுறாங்க, திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க ஆபீசுக்குப் பக்கத்துல இருக்கீங்க. ஏதாவது தெரியுமா?"

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயக்கொடி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா."

ஜெயக்கொடி மெல்லச் சிரித்து, தன் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். "கேட்டுக்கிட்டியாத்தா? தெரியாதாம். நீ இன்னைக்கே அங்க போயிச் சேந்துரு."

அந்தப் பெண் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாரிடமோ வேகவேகமாகப் பேசினாள். போய் அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு உண்மையாகவே எதுவும் தெரியாது.